தவணையில் டிக்கெட் வாங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்

இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்காக இரண்டு மணி நேரம் ஆன்லைன் வரிசையில் நின்று உள்ளே போனால் டிக்கெட் விலை அறிவித்ததைவிட ஏறியிருந்தது, தங்கைக்கும் சேர்த்துத் தவணையில் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

நீங்கள் பார்த்தது தேவைக்கேற்ப மாறும் விலை. விமான டிக்கெட்டில் நடப்பதேதான். எல்லாரும் ஒரே நேரத்தில் மொய்க்கும்போது எகிறும், அதன்மேல் சேவைக் கட்டணம் வேறு. ஸ்ட்ரீமிங் வந்தபின் ஆல்பம் விற்று வரும் வருமானம் சுருங்கி, பல கலைஞர்களுக்கு மேடைதான் பிழைப்பு, லாரி, ஒலி, ஒளி, ஆட்கள் என்று செலவும் கூடிவிட்டது, அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் கலைஞர்கள் மனது வைத்தால் விலையைக் கட்டுக்குள் வைக்க முடியும். 2023இல் தி க்யூர் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் மாறும் விலையே வேண்டாம் என்றார், சேவைக் கட்டணத்தில் ஒரு பகுதியை டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் ரசிகர்களுக்குத் திருப்பித் தரவும் வைத்தார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது, நிகழ்ச்சிக்கு முந்தைய சில நாட்களில் தினமும் பார்ப்பது. மேடை அளவு உறுதியானதும், அதுவரை நிறுத்தி வைத்திருந்த இருக்கைகளைச் சில சமயம் அசல் விலைக்கே விடுவார்கள், கையில் டிக்கெட் தங்கிவிட்ட மறுவிற்பனையாளர்களும் பல நேரம் விலையை இறக்குவார்கள். அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பக்கத்தில் மட்டும் வாங்குங்கள், ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவரிடம் வேண்டவே வேண்டாம். மேடைக்குப் பக்கவாட்டு இருக்கைகளையும் பாருங்கள், காட்சி கொஞ்சம் மறைந்தாலும் பாட்டு கேட்கும்.

அப்புறம், கிடைக்காமலும் போகலாம். அதைத் தங்கையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.