ரோமில் மாமியாருடன் நான்கு நாள்

கேள்வி: ஜூன் மாதம் கணவர், மாமியாருடன் ரோமில் 4 நாள் தங்கப்போகிறோம். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி. கறி, மீன், முட்டை தொடமாட்டார். வெங்காயம், பூண்டு பரவாயில்லை. எதைப் பார்ப்பது, எதை விடுவது? அவருக்குச் சாப்பாடு கிடைக்குமா?
- திருச்சி வாசகி

பதில்: சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். முதலில் முழங்காலைப் பார்ப்போம்.

பழைய ரோமின் தெருக்களில் சின்னச் சின்னக் கருங்கல்லாகப் பதித்திருப்பார்கள். மேடும் பள்ளமும்தான். அத்தைக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள். செருப்போடு கிளம்பினால் முதல் நாளே கால் வீங்கிவிடும். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு அவரை அழைத்துப் போக வேண்டாம் என்பேன். மைக்கேலாஞ்சலோவின் கூரை ஓவியங்கள் உள்ள சிஸ்டைன் சேப்பலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நீளநீளமான கூடங்கள், கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே தீர வேண்டும். ஒரு காலையில் நீங்கள் இருவர் மட்டும் போய் வாருங்கள்.

கொலோசியத்துக்கு எல்லோரும் போகலாம், மேலே ஏற லிஃப்ட் இருக்கிறது. டிக்கெட்டில் பெயர் அச்சாகும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். காலையில் முதல் நேரத்தையே எடுங்கள். ஜூன் மாதம் மதிய வெயில் சுடும்.

மதியத்தைத் தேவாலயங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பாதி தேவாலயங்கள் அப்போது பூட்டியிருக்கும். அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு நாலு மணிக்கு மேல் கிளம்புங்கள். சான் லூயிஜி தேய் ஃப்ரான்சேசி தேவாலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜோவின் 3 ஓவியங்கள் இருக்கின்றன, நுழைவு இலவசம். ஓவியங்கள் இருட்டில்தான் இருக்கும். பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அடுத்த காசை யார் போடுவார் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பது தனி வேடிக்கை. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரோமானியக் கோயிலாக இருந்து தேவாலயமான பாந்தியன் அங்கிருந்து பக்கம்தான். கூரை நடுவே சுமார் 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளேயே பெய்யும், தரையில் வடிகால் துளைகளும் உண்டு. தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அத்தையின் புடவைக்குப் பிரச்சினை இல்லை, உங்கள் கணவரின் அரைக்கால் சட்டைக்குத்தான்.

சரி, சாப்பாடு. கோடையில் பூசணிப்பூவை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள். பார்த்தால் நம்ம பஜ்ஜிதான், அத்தையின் கை தானாக நீளும். உள்ளே சீஸோடு நெத்திலி மீன் இருக்கும்! சுப்ளி என்ற அரிசி உருண்டையிலும் பெரும்பாலும் கறிச்சாறு சேர்ந்திருக்கும். ஃபெத்துச்சினே போன்ற புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் முட்டை உண்டு. உலர்ந்த ஸ்பகெட்டி, பென்னேயில் பொதுவாக இருக்காது. ரோமின் பெருமையான பெகொரினோ சீஸை ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டுதான் தயாரிக்கிறார்கள். அது தெரிந்தால் அத்தை தொடமாட்டார் என்றால் சீஸே இல்லாத மூன்று இருக்கின்றன: பீட்சா மரினாரா (பெயரில்தான் கடல், மேலே தக்காளியும் பூண்டும்தான்), ஸ்பகெட்டி ஆலியோ எ ஓலியோ (பூண்டும் எண்ணெயும்), பென்னே அர்ராபியாத்தா (காரமான தக்காளிச் சாறு; மேலே சீஸ் தூவித் தருவதுண்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்). கடைசி இரண்டிலும் மிளகாய் உண்டு, அவருக்குப் பிடிக்கும். ஆர்டர் கொடுக்கும்போது 'சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா உவோவா' என்று மூன்றையும் சொல்லுங்கள். கறி, மீன், முட்டை வேண்டாம் என்று அர்த்தம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பல கடைகள் ஏழரைக்குத்தான் திறக்கும். அதுவரை பசி தாங்க, துண்டு பீட்சா விற்கும் கடைகள். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டுத் தருவார்கள். காபியைக் கவுன்ட்டரில் நின்றே குடித்துவிடுங்கள். பெரிய சதுக்கம் ஒன்றில் ஒய்யாரமாக உட்கார்ந்து இரண்டு கப்புச்சினோ குடித்துவிட்டு, பில்லைப் பார்த்து நான் பேச்சிழந்தது உண்டு.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். தெருவுக்குத் தெரு 'நசோனி' என்ற இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் மேல் வளைவில் சின்னத் துளை ஒன்று இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாக மேலே வளைந்து பீய்ச்சும், எச்சில் படாமல் குடிக்கலாம். அத்தைக்கு அதை முதல் நாளே காட்டிக்கொடுங்கள்.