கூத்துப் பதிவில் உறுமல்: சாக்ஸ் கட்டளையில் என்ன பிழை?

வணக்கம். களுவாஞ்சிக்குடியில் பதிவுசெய்த வடமோடி என்ற மரபு நாட்டுக்கூத்தில் மின்சார உறுமல் கேட்கிறது, கட்டளை எழுதி ஒலிக்கோப்பைத் திருத்தும் சாக்ஸ் (SoX) மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் 'நொய்ஸ்ரெட்' (noisered) போட்டால் கூத்தின் ஆசானான அண்ணாவியாரின் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

நொய்ஸ்ரெட் எவ்வளவு இரைச்சலை நீக்க வேண்டும் என்ற அளவு எதையும் நீங்கள் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் சாக்ஸ் தானாக 0.5 என்று எடுத்துக்கொள்ளும். பாட்டுக்கு அது மிக அதிகம். 0.2 இல் தொடங்குங்கள். அதைவிடப் பெரிய பிழை, இரைச்சல் எப்படி ஒலிக்கும் என்று மாதிரி எடுக்கும் 'நொய்ஸ்புரொஃப்' (noiseprof) கட்டளைக்கு முதல் பத்து வினாடியைக் கொடுத்தது. அதில் சல்லரி (கைத்தாளம்) ஒலிக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்! சல்லரியையும் இரைச்சல் என்று நம்பி அது துடைத்துவிடும். மத்தளம் தொடங்குமுன் வெறும் உறுமல் மட்டும் உள்ள ஓரிரு வினாடியை 'டிரிம்' (trim) கொண்டு வெட்டிக் கொடுங்கள்.

தாழ்ந்த ஒலிகளை எல்லாம் நீக்கும் 'ஹைபாஸ்' (highpass) வேண்டாம், மத்தளத்தின் அடிநாதமும் சேர்ந்து போய்விடும். நம் இலங்கையின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 50, 100 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு இடங்களில் மட்டும், குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் நீக்கும் ஒடுக்கமான 'பேண்ட்ரிஜெக்ட்' (bandreject) போதும். முதலில் இதைச் செய்து கேளுங்கள், நொய்ஸ்ரெட் தேவைப்படாமலே போகலாம்.

மாணவர்களுக்குத் தமிழில் கையேடு எழுதுவதாகச் சொன்னீர்கள், நல்ல வேலை. நொய்ஸ்ரெட், டிரிம் போன்ற விளைவுகளின் பட்டியலுக்கு முன்பே, கட்டளையில் எது எதன்பின் வரும் என்ற வரிசையை எழுதுங்கள்: மூலக்கோப்பு, வெளியீட்டுக்கோப்பு, அதன் பிறகுதான் விளைவு. ஏற்கெனவே உள்ள கோப்பின் பெயரை வெளியீட்டுக்குக் கொடுத்தால் சாக்ஸ் கேட்காமலே அதன்மேல் எழுதிவிடும் என்பதையும் கொட்டை எழுத்தில் போடுங்கள். 'நோ-கிளாபர்' (--no-clobber) தெரிவைச் சேர்த்தால் அனுமதி கேட்கும். ஓர் இரவு முழுக்க விழித்துப் பதிந்த கூத்தை நான் அப்படித்தான் தொலைத்தேன்.