சிவப்பாக இருப்பதெல்லாம் ஊர் இல்லை

கேள்வி: கோடையில் எடுத்த செயற்கைக்கோள் வெப்பப் படம் ஒன்றைப் பார்த்தேன். டவுனைவிட வெளியே காய்ந்து கிடக்கும் கண்மாய்தான் அதிகச் சிவப்பு. கட்டடம் பெருகினால் சூடு கூடும் என்கிறார்களே, அப்போ படம் தப்பா? – ராமநாதபுரம் வாசகர்

பதில்: படம் சரிதான், எடுத்த நேரத்தைப் பாருங்கள். லேண்ட்சாட் 8, 9 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் இரண்டும் நம் பக்கம் கடந்து போவது காலை பத்து, பத்தரை வாக்கில். அந்த நேரத்துக்குள் ஈரமே இல்லாத கண்மாய்த் தரை சுள்ளென்று ஏறிவிடும், ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்ள அதில் தண்ணீர் ஏது? கான்கிரீட் மெதுவாகத்தான் சூட்டை வாங்கும், தெருவில் சுவர் நிழலும் நாலு வேப்பமரமும் வேறு இருக்கும். கணக்கு மாறுவது பொழுது சாய்ந்த பிறகு. பொட்டல் சட்டென்று ஆறிவிடும், ஆனால் மொட்டை மாடியில் ராத்திரி ஒன்பது மணிக்குப் பாயை விரித்தாலும் முதுகில் அனல் ஏறும். ஊர்ச்சூட்டைப் பிடிக்க ராத்திரிப் படம்தான் வேண்டும். மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் படம் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு கட்டம் (படத்தின் ஒரு புள்ளி) ஒரு கிலோமீட்டர், நம் டவுன் ஒரு சில கட்டங்களில் முடிந்துவிடும். 2018-ல் விண்வெளி நிலையத்தில் பொருத்திய ஈகோஸ்ட்ரெஸ் என்ற கருவி சுமார் 70 மீட்டர் அளவுக்குக் காட்டும், இரவிலும் எடுக்கும், அதைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, இதெல்லாம் தரையின் சூடு, நாம் மூச்சு விடும் காற்றின் சூடு இல்லை. கரையில் மணல் காலைப் பொசுக்கும்போதே கடல்காற்று சிலுசிலுவென்று வீசுமே.

கேள்வி: கீழக்கரை எவ்வளவு பெருத்திருக்கிறது என்று இலவசப் படங்களை வைத்து நானே கணக்குப் போடலாமா? – கீழக்கரை, கல்லூரி மாணவி

பதில்: தாராளமாக. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம், ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் பத்து மீட்டர் வரை காட்டும். ஆனால் படத்திலிருந்து கணக்கிட்டுக் கட்டடத்தைப் பிரித்துக் காட்டும் குறியீட்டெண்ணை அப்படியே நம்ப வேண்டாம், காய்ந்த மண்ணும் தேரி மணலும் அதற்குக் கட்டடம் மாதிரியே தெரியும். கோடைப் படத்தை எடுத்தால் பாதி மாவட்டம் நகரமாகிவிடும்! வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வயலெல்லாம் பச்சையாக இருக்கும் ஜனவரிப் படத்தை எடுங்கள், எல்லா வருஷத்துக்கும் அதே மாதம்.

பச்சையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் கோடையிலும் பச்சைதான், படத்துக்கு அது நல்ல தோப்பு. வெப்பத்தையும் சேர்த்துப் பார்ப்பதானால் பளபளக்கும் புதுத் தகரக் கூரையைக் கவனியுங்கள்: அது வெப்பக் கதிரைக் குறைவாக வெளிவிடுவதால் நிஜத்தைவிடக் குளிர்ச்சியாகப் பதிவாகும், உள்ளே இருப்பவர்கள் வெந்துகொண்டிருப்பார்கள். லேண்ட்சாட் 8, 9-ல் சூட்டைப் பதியும் வெப்பப் பட்டையின் அசல் கட்டம் 100 மீட்டர், அதனால் கரையோரத் தெருக்களில் பாதிக் கட்டம் கடலாக இருக்கும், அங்கே வரும் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். முக்கியமாக, சந்தேகமான இடத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: 1964 புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியை லேண்ட்சாட்டில் பார்க்க முடியுமா? – மண்டபம் வாசகர்

பதில்: முடியாது. முதல் லேண்ட்சாட் ஏவியதே 1972-ல். பழைய நில அளவை வரைபடங்களில் தேடிப் பாருங்கள்.