காங்கயம் பக்கம் தோட்டத்து வீட்டில் தனிமை

சென்னையிலிருந்து காங்கயம் பக்கம் தோட்டத்துக்கு வந்து மூன்று மாதம், வீட்டுக்காரர் திருப்பூர் போனபின் பேச ஆளில்லை, ராத்திரி அமைதியில் தூக்கமே வரவில்லை, என்னிடம்தான் குறையா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு குறையும் இல்லைங்க. தாராபுரம் பக்கம் வந்த முதல் வருஷம் நானும் அழாத நாள் குறைவு.

இங்கே பலருக்குத் தெரு என்பதே இல்லை. அவரவர் காட்டுக்குள், அதாவது நிலத்துக்குள், அவரவர் சாளை என்கிற தோட்டத்து வீடு. அதனால் யாராவது வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். சாயங்காலம் பால் ஊற்றப் போகிறவர்களோடு பால் சொசைட்டி வரை நடங்கள். வாரச் சந்தைக்கு நீங்களே போங்கள். என் முதல் தோழி கிடைத்தது சந்தையில், கீரைக்கடை முன்னால்தான். "எந்த ஊருங்க அம்மணி?" என்று ஆரம்பித்துச் சொந்தபந்தம் முழுக்க விசாரிப்பார்கள். துருவுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், அது அக்கறை.

ராத்திரிச் சத்தங்களை மாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திடீரென்று வீறிடுவது பெரும்பாலும் ஆட்காட்டிக் குருவி. தரையில் முட்டையிடும் பறவை, ஏதாவது நடமாடினால் கத்தும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னைகளை உலுக்கும், அப்போது இந்த அமைதியே இருக்காது.

மழைக்குப் பிறகு ஒருநாள் காலையில் கொரங்காட்டுப் பக்கம், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துப் பக்கம், போய்ப் பாருங்கள். கிளுவை வேலி, கொழுக்கட்டைப்புல், வெள்வேல மர நிழலில் மாடுகள். என் மனசு முதலில் ஒட்டியது அங்கேதான்.

தூக்கமின்மை நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். சரி, மாடு கன்று ஏதாவது வைத்திருக்கிறீர்களா? எழுதுங்கள்.