தைக்க வராத காலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். துண்டுத்துணிகளை இணைத்துக் குவில்ட் தைப்பதில் ஏழெட்டு ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். சென்ற ஆண்டிலிருந்து எதுவும் ஓடவில்லை. அலமாரி நிறையத் துணி இருக்கிறது; கைபேசியில் சேமித்து வைத்திருக்கும் வடிவங்களுக்குக் கணக்கே இல்லை. ஆயினும் நாலு கட்டம் தைத்ததும், இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றிவிடுகிறது, பிரித்துப் போட்டுவிடுகிறேன். மூத்த மகளுக்கு ஐப்பசியில் பிரசவம். பேரக்குழந்தைக்கு ஒன்று தைத்துத் தர ஆசை, ஆனால் மெஷின் பக்கம் போகவே மனம் வரவில்லை. கொஞ்ச காலம் விட்டுவிட்டால் தானாக வரும் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

விட்டுவிட வேண்டாம் என்பதே என் எண்ணம். களைத்துப் போனவர்களுக்கு ஓய்வு நல்லது; உங்கள் கடிதத்தில் களைப்பு தெரியவில்லை, பார்த்த படங்களின் நெரிசல்தான் தெரிகிறது. முழுப் போர்வையும் மனத்தில் முடிந்த பிறகே கத்தரியை எடுப்பது என்ற பழக்கத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி முன்கூட்டியே முடித்துப் பார்க்கும்போது, வந்து நிற்பது பிறர் தைத்ததாகத்தானே இருக்கும்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மூன்று பக்கமும் ஆறு வளைத்துக் கிடக்கும் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், அங்கே குளிர் தாங்குவதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் குவில்ட் தைத்தார்கள். 1966இல் அவர்களும் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களும் சேர்ந்திருந்த ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவு தொடங்கியது. 1972இல் சியர்ஸ் என்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்துக்கு, கார்டுராய் என்ற வரிவரியான துணியில் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. ஒரே அளவில் தைத்துத் தள்ளும் அந்த வேலையில் கற்பனைக்கு இடமே இல்லை. ஆனால் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் அவர்கள் வீடுகளுக்கு வந்தன. பொன்மஞ்சள், அவகாடோ பச்சை, ஆரஞ்சு, செர்ரிச் சிவப்பு என்று சில நிறங்களே இருந்தன. கார்டுராயோ தடித்த துணி. பொடித் துண்டுகளாக நறுக்கி வளைவு வைத்துத் தைக்க லேசில் இணங்காது. அகலப் பட்டைகளும் பெரிய கட்டங்களும்தான் அதில் சரிப்படும். அந்த நெருக்கடிக்குள்ளிருந்து வந்தவற்றில் சில, அவ்வூர்க் குவில்ட்டுகளிலேயே மிகத் துணிச்சலானவை என்பேன்.

கார்டுராயின் வரிகளில் மேவியிருக்கும் மென்மயிருக்கு ஒரு சாய்வு உண்டு. ஒரே சிவப்புத் துண்டை இரண்டாக வெட்டி, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி இணைத்தால், வெளிச்சம் பட்டதும் ஒரு பாதி இருண்டும் மறுபாதி வெளிறியும் தெரியும். ஒரு நிறம் இரண்டாகிவிடுகிறது. துணியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பவருக்கே கிடைக்கும் அறிவு இது; எத்தனை படங்களைச் சேமித்தாலும் வராது.

2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் இப்பெண்களின் குவில்ட்டுகளைக் காட்சிக்கு வைத்தபோது உலகம் அவர்களைக் கலைஞர்கள் என்று அழைத்தது. அதற்காக அவர்கள் பட்ட வறுமையை அழகென்று சொல்ல எனக்கு மனம் ஒப்பாது. அவர்கள் தைத்தபோது யாருக்காகத் தைக்கிறோம் என்பது தெளிவாக இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அவ்வூரின் மிசூரி பெட்வே, 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். எந்தத் துணி, என்ன நிறம் என்ற கேள்விகளுக்கெல்லாம் அங்கே முன்பே விடை இருந்தது. உங்களுக்கும் யாருக்காக என்பது தெரிந்துவிட்டது. அதைப் பாரமாக எண்ணாமல் பிடிமானமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வழி என்று கேட்டால், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற குவில்ட்டைச் சொல்வேன். பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, அதன் ஓரத்தை விரலால் மடித்துவிட்டு, மேல்துணியும் அடித்துணியும் சேர்ந்து பிடிக்கும்படி கையால் ஓடுதையல் போடுவார்கள். அந்தத் துண்டு முடியும் இடத்தில் அடுத்தது சேரும். இப்படியே நான்கு ஓரமும் சுற்றி, உள்நோக்கி நடுவுக்கு வந்து சேர்வார்கள். கடைசியில் மூலைகளில் ஃபுலா எனப்படும், முக்கோணமாக மடித்த துணித்துண்டை வைத்தால்தான் நிறைவு. கட்டங்களைத் தனித்தனியே தைத்துப் பிறகு இணைக்கும் முறையில் முழு அமைப்பையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இதிலோ அடுத்த துண்டு எது என்பதை மட்டும் தீர்மானித்தால் போதும். உங்கள் சிக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

புதுத் துணி வாங்காதீர்கள். அலமாரியில் இருப்பதில் மூன்று நிறங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைப் பூட்டிவிடுங்கள். வடிவங்களைத் தேடிப் பார்ப்பதை ஐப்பசி வரை நிறுத்திவையுங்கள். தைத்ததைப் பிரிக்கவே கூடாது. பிடிக்காத துண்டுக்குப் பக்கத்தில் வேறொன்றை வைத்துச் சரிசெய்யப் பாருங்கள்.

ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை வைக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. ஆகையால் போர்த்துவதற்கென்று இல்லாமல், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாடவிடும் விரிப்பாக, மூன்றடிச் சதுரத்தில் தையுங்கள். அடித்துணிக்கு உங்கள் மகள் நெடுநாள் கட்டி மெதுமெதுவென்று ஆகிவிட்ட நூல் சேலை ஒன்று கிடைத்தால் நல்லது. பொத்தான், மணி, சரிகை எதுவும் வேண்டாம். துண்டுகளைத் தைப்பதற்கு முன்பே ஒருமுறை துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். குழந்தை அதைக் கட்டாயம் வாயில் வைக்கும்.