நத்தார் யாருடைய நாள்?

அன்புள்ள அக்கா,

பெரியகல்லாற்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மெதடிஸ்த திருச்சபையில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். என் தம்பி கொஞ்சக் காலமாக வேறொரு சபைக்குப் போகிறான். இந்த முறை நத்தாருக்கு வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். டிசம்பர் 25 ரோமருடைய சூரியக் கடவுளின் பிறந்தநாளாம், கொன்ஸ்தந்தீன் மன்னன்தான் அதை இயேசுவின் பிறப்பாக மாற்றினானாம். வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும் மட்டும்தானாம். அப்பா வருசா வருசம் விறாந்தையில் வைக்கும் சவுக்குக் கிளையைக்கூட, எரேமியா பத்தாம் அதிகாரத்தைக் காட்டி, விக்கிரகம் என்கிறான். அம்மா அழுதபடி இருக்கிறா. இதற்கிடையில் என்னோடு படித்த சைவத் தோழி ஒருத்தி, 'உங்கட பெருநாளும் களவெடுத்ததுதான்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். பகிடிக்குத்தான் அனுப்பினாள். ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மை என்ன அக்கா? தம்பிக்கு என்ன சொல்ல? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்ல?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

தம்பி சொல்வதில் சரியானதை முதலில் சரி என்று சொல்லிவிடுவோம். இயேசு பிறந்த திகதி யாருக்கும் தெரியாது. பிறப்பைச் சொல்லும் மத்தேயுவும் லூக்காவும் மாதத்தைக்கூடச் சொல்லவில்லை. மாற்குவும் யோவானும் அந்தக் கதையைத் தொடவே இல்லை. முதல் இருநூறு ஆண்டுக் கிறிஸ்தவர்கள் இப்படியொரு பெருநாளை வைத்திருந்ததற்கு ஆதாரம் கிடையாது. 200ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் இருந்த கிளெமெந்து என்ற கிறிஸ்தவ ஆசிரியர், இந்த நாளைத் துருவித் தேடும் சிலரைப் பற்றி எழுதுகிறார். அவர்கள் சொன்ன எகிப்திய மாதத் திகதிகளை நம்முடைய கணக்குக்கு மாற்றினால் ஒன்று மே 20, மற்றவை ஏப்ரல் 19 அல்லது 20. டிசம்பர் 25 அதில் இல்லை.

பார்வோன், ஏரோது கதையும் தம்பியின் சபை புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற வேத அறிஞர் லேவியராகமம் பற்றிய பிரசங்கத்தில் இதையேதான் சொன்னார். 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்மசைத் தடைசெய்தது. அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடினால் ஐந்து சிலிங் தண்டம். இதையெல்லாம் செய்தவர்கள் வேதத்தைக் கரைத்துக் குடித்த புரிட்டன்கள் என்ற கண்டிப்பான புரட்டஸ்தாந்தர்கள். ஆகவே தம்பியைப் 'பிரிந்து போனவன்' என்று நினைக்காதீர்கள். அவன் நிற்கும் இடத்தில் நிறையப் பேர் மனச்சாட்சியோடு நின்றிருக்கிறார்கள்.

ஆனால் 'திகதி தெரியாது' என்பது ஒன்று, 'சூரியக் கடவுளிடமிருந்து எடுத்தது' என்பது வேறொன்று. முதலாவதை அவன் துணிந்து சொல்லலாம். இரண்டாவதைச் சொல்வதற்கு அவனிடம் இருக்கும் ஆதாரம், அவன் நினைப்பதைவிட மிகவும் மெல்லியது.

கொன்ஸ்தந்தீன் விசயத்தை முதலில் முடிப்போம். டிசம்பர் 25ஐ இயேசு பிறந்த நாளாக்கி அவர் போட்ட கட்டளை ஒன்றும் இல்லை. 321இல் அவர் போட்ட கட்டளை ஞாயிற்றுக்கிழமை ஓய்வு பற்றியது. அதில் 'சூரியனின் நாள்' என்று வருவதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எல்லா வாதமும் கடைசியில் போய் நிற்பது ஒரே ஒரு நூலில். ஃபிலோகாலுஸ் என்ற எழுத்துக் கலைஞர் வலந்தீனுஸ் என்ற ரோமச் செல்வந்தருக்காக 354இல் செய்துகொடுத்த நாட்காட்டித் தொகுப்பு அது. அதில் அரச விழாக்களின் நாட்காட்டி ஒன்று இருக்கிறது. டிசம்பர் 25க்கு நேரே 'வெல்லப்படாதவனின் பிறப்பு, 30 தேரோட்டங்கள்' என்று ஒரு வரி. வெல்லப்படாதவன் என்றால் சூரியன். அதே தொகுப்பில் வேறொரு பகுதி, ரோமத் திருச்சபை நினைவுகூரும் மறைசாட்சிகளின் பட்டியல். அது தொடங்குவதே டிசம்பர் 25இல்தான்: 'யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார்'. இந்தப் பட்டியல் 336ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். சூரிய விழா இந்தத் திகதியில் நடந்ததற்கு இன்று கையில் இருக்கும் மிகப் பழைய தெளிவான சான்றும் இந்த நூல்தான், கிறிஸ்து பிறப்புக்கான மிகப் பழைய தெளிவான சான்றும் இதுதான். இரண்டில் எது முந்தியது என்று இந்த நூலைக் கொண்டு தீர்க்க முடியாது.

274இல் அவ்ரேலியன் மன்னன் சூரியனுக்கு ரோமில் கோயில் கட்டினான், அது உண்மை. ஆனால் அது டிசம்பர் 25இல் நடந்தது என்று அந்தக் காலத்து எழுத்து எதுவும் சொல்லவில்லை. ரோமரின் பழைய நாட்காட்டிகளில் சூரியனுக்கான நாட்கள் ஆகஸ்டில் வருகின்றன. சத்துர்னாலியா என்ற ரோமரின் பெருவிழா டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும். ரோமர் வணங்கிய மித்ரா என்ற கடவுள் டிசம்பர் 25இல் கன்னியிடம் பிறந்தான் என்று உங்கள் தோழி அனுப்பிய செய்தியில் இருந்தால் அதை அப்படியே அழித்துவிடுங்கள். மித்ரா பாறையிலிருந்து பிறந்தவன், அந்தத் திகதிக்குப் பழைய சான்றும் இல்லை.

அப்படியானால் டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது? 1889இல் லூயி டுஷேன் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஒரு விளக்கம் சொன்னார். எனக்கு அதில்தான் மனம் அதிகம் சாய்கிறது. இயேசு சிலுவையில் மரித்த நாள் மார்ச் 25 என்று 200ஆம் ஆண்டளவிலேயே தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதியிருக்கிறார். தாயின் வயிற்றில் உருவானதும் அதே நாளில்தான் என்ற நம்பிக்கையும் இருந்தது. மார்ச் 25உடன் ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. கிழக்கில் சிலர் மரண நாளை ஏப்ரல் 6 என்று வைத்தார்கள். அதோடு ஒன்பது மாதம் கூட்டினால் ஜனவரி 6. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் பிறப்பைக் கொண்டாடுவது அந்த ஜனவரி 6இல்தான். ஒரே கணக்கு இரண்டு இடத்தில் இரண்டு விடையைத் தந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது. சூரிய விழாவை வைத்து ஜனவரி 6ஐ விளக்குவது அவ்வளவு எளிதல்ல.

ஒரு வாழ்வின் தொடக்கமும் முடிவும் ஒரே நாளில் என்பது நமக்குப் புதுமையா? இந்த நாட்டில் வெசாக் பௌர்ணமி தெரியாத பிள்ளை உண்டா? புத்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, பரிநிர்வாணம் அடைந்தது மூன்றும் ஒரே பௌர்ணமியில் என்றுதான் தேரவாத பௌத்தர்கள் நம்புகிறார்கள். மோசே பிறந்த நாளிலேயே இறந்தார் என்று யூத மரபும் சொல்கிறது. பெரியவர்களின் வாழ்வு அரைகுறையாக முடியாது, வட்டமாக முழுமையடையும் என்று எண்ணிய மனிதர்கள் போட்ட கணக்கு அது. பிறப்புச் சான்றிதழை வைத்துப் போட்டதல்ல.

இந்த விளக்கத்திலும் ஓட்டை உண்டு. கருவுற்ற நாளையும் மரித்த நாளையும் டிசம்பர் 25உடன் சேர்த்துத் தெளிவாக எழுதியவர் அகுஸ்தீன் என்ற ஆயர். அவர் எழுதியது 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்குள் பெருநாள் வந்து பல பத்தாண்டு ஆகிவிட்டது. இன்னொன்று: ரோமரின் வழக்கமான கணக்கில் மார்ச் 25 இரவும் பகலும் சமமாகும் நாள், டிசம்பர் 25 வருடத்தின் மிகக் குறுகிய பகல். வானத்தைப் பார்த்து நாள் குறித்த மக்கள் இதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். கணக்கும் சூரியனும் கலந்துதான் இந்த நாள் நிலைத்தது என்பது என் எண்ணம். 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை லியோ, பேதுரு பேராலயத்தின் படியில் நின்று உதிக்கும் சூரியனை வணங்கிவிட்டு உள்ளே வரும் கிறிஸ்தவர்களைக் கடிந்து பிரசங்கம் செய்திருக்கிறார். குழப்பம் அன்றைக்கே இருந்தது, அதைத் திருத்தும் குரலும் அன்றைக்கே இருந்தது.

உங்கள் தோழிக்கு இதைச் சொல்லுங்கள். தைப்பொங்கலன்று சூரியன் வடக்கே திரும்புகிறது என்கிறோம். வானத்தில் அது திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல், நாம் பொங்குவது ஜனவரி 14 அல்லது 15இல். ஒரு காலத்தில் பொருந்தியிருந்த கணக்கு, நூற்றாண்டுகளில் மெல்ல மெல்ல நகர்ந்துவிட்டது. ரோமரின் டிசம்பர் 25ம் அப்படித்தான், 4ஆம் நூற்றாண்டிலேயே உண்மையான நாளிலிருந்து சில நாள் தள்ளி நின்றது. அதற்காகப் பொங்கலைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அவளுக்கும் வராது.

சவுக்குக் கிளைக்கு நீண்ட பதில் தேவையில்லை. எரேமியா பத்தாம் அதிகாரத்தை ஐந்தாம் வசனம் வரைக்கும் வாசிக்கச் சொல்லுங்கள். மரத்தை வெட்டி, தச்சன் செதுக்கி, பொன்னும் வெள்ளியும் பூசி, ஆடாதபடி ஆணியடித்து நிறுத்தி, 'இது பேசாது, நடக்காது' என்று அவர் சொல்வது மரச்சிலையை. கிறிஸ்மஸ் மரம் ஜெர்மன் பகுதிகளில் 16ஆம் நூற்றாண்டில் வந்த பழக்கம்.

அடுத்ததாக, மேய்ப்பர்கள் டிசம்பர் குளிரில் வெளியே இருக்க மாட்டார்கள் என்று தம்பி சொல்வான், பாருங்கள். யூதேயாவில் அது மழைக்காலம், புல் முளைக்கும் காலம். நம் ஊரிலும் பெரும்போகம் விதைத்த பிறகு மாடுகளை வயலுக்குள் விட முடியாது. அந்த அடைமழைக் காலத்தில்தான் பண்ணையாளர்கள் மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் பட்டி போட்டு இரவிரவாகக் காவல் இருக்கிறார்கள். அந்த மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் தெருவோரம் குந்தியிருந்து போராடியவர்களும் அவர்கள்தான். லூக்காவின் மேய்ப்பர்களை வாசிக்கும்போது எனக்கு அவர்கள் முகம்தான் வரும். இதை வைத்து டிசம்பர் என்று நிறுவ முடியாது. ஆனால் டிசம்பர் இல்லை என்றும் நிறுவ முடியாது.

தங்கச்சி, இந்தத் திகதிச் சண்டையில் நான் அதிகம் யோசிப்பது வேறொன்றை. ரோமில் கோடைப் பகலுக்கும் மாரிப் பகலுக்கும் ஆறு மணித்தியால வித்தியாசம். இருட்டு நீண்டு, பிறகு வெளிச்சம் திரும்பும் அந்த உணர்ச்சி அவர்களுடையது. மட்டக்களப்பில் அந்த வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. இங்கே நத்தார் என்றால் மழை. வாவி நிறைந்து, முகத்துவாரம் வெட்டுவார்களா இல்லையா என்று ஊர் பேசும் காலம். குடையோடு சாமப் பூசைக்குப் போவது, கரோல் வண்டி சேற்றில் புதைவது, ஈரச் சவுக்கின் மணம், பக்கத்து வீட்டுத் திருவெம்பாவைச் சங்கு, முதல் தட்டுப் பலகாரம் அந்த வீட்டுக்கே போவது. பறங்கியர் வீடுகளில் வயலினும் கபிரிஞ்ஞா ஆட்டமும். ரோமில் யார் எந்தக் கணக்குப் போட்டிருந்தாலும், நாங்கள் கொண்டாடுவது இதை.

எங்கள் துக்கமும் இந்தத் திகதியோடு சேர்ந்துவிட்டது. 2004இல் நத்தாருக்கு மறுநாள் காலை கடல் வந்தது. கல்லடியிலும் டச்பாரிலும் உங்கள் கல்லாற்றிலும் நத்தார் உடுப்போடு போன பிள்ளைகள் உண்டு. 2005இல் புளியந்தீவு புனித மரியாள் ஆலயத்தில் நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் வைத்து பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் 25 வரும்போது இந்த ஊரில் பலர் மெழுகுதிரி கொளுத்துவது அந்தப் பெயர்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் அம்மா அழுவது சவுக்குக் கிளைக்காகவா? மேசையில் ஓர் இடம் வெறுமையாக இருக்கப்போகிறது என்றுதானே? 

தம்பியை வாதத்தில் வெல்லப் பார்க்காதீர்கள். மேலே எழுதியதை அவனுக்கு அனுப்புவதானால் முதல் பாதியையும் சேர்த்து அனுப்புங்கள், அவன் சரியாகச் சொன்னவை அங்கே இருக்கின்றன. பிறகு ரோமர் 14ஐ இருவரும் சேர்ந்திருந்து வாசியுங்கள். ஒருவன் ஒரு நாளை மற்ற நாளைவிட விசேசமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் உறுதியாக இருக்கட்டும் என்கிறார் பவுல். அந்த வசனம் உங்களையும் தொடும், அவனையும் தொடும். அன்றைக்கு அவன் ஆராதனைக்கு வர வேண்டாம், கரோல் பாட வேண்டாம், மரம் இருக்கும் விறாந்தையில் இருக்கவும் வேண்டாம். மத்தியானம் குசினிப் பக்கத்தால் வந்து அம்மா போடும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். அதை எந்தச் சபையும் தடுக்காது என்று நம்புகிறேன். தடுத்தால் எனக்கு எழுதுங்கள், அவனோடு நானே பேசுகிறேன்.

பிள்ளைகள் கேட்டால் ஒளிக்காதீர்கள். திகதி தெரியாது, வேதத்தில் இல்லை, பின்னாட்களில் திருச்சபை தேர்ந்துகொண்ட நாள் என்று நேராகச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அவ்வளவு போதும். பெரிய வகுப்புக்கு 354ஆம் ஆண்டு நூலின் அந்த இரண்டு வரிகளையும் பலகையில் எழுதிப் போட்டு, எது முந்தியது என்று அவர்களையே வாதாட விடுங்கள்.

அன்புடன்,
அக்கா