மாமா சொன்ன சீட்டும் மகள் எழுதிய நோட்டும்

"அழாதீர்கள் அம்மா, இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை" என்றுதான் போன வாரம், மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்த குடும்பத்திடம் பேச்சைத் தொடங்கினேன். எதிரே அம்மா, அப்பா, வாய் திறக்காத மகள், மூவருக்கும் சேர்த்துப் பேசிய மாமா. டாக்டர் சீட்டுக்கு மதிப்பெண் போதவில்லை. ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி எழுதட்டும், இல்லையென்றால் பணம் கட்டிச் சேர்க்கலாம் என்பது மாமாவின் கணக்கு. அவளோ பெண்கள் கால்பந்தில் உடற்பயிற்சி விஞ்ஞானியாக வேண்டும் என்கிறாள். "பந்து பொறுக்கவா படிக்க வைத்தோம்?" என்றார் மாமா.

ஐந்து நிமிடம் சமாதானம் சொன்னேன், அவ்வளவுதான். அப்புறம் சொன்னதில் பாதியை நீங்கள் காதில் வாங்கவில்லை என்பதால் எழுதித் தருகிறேன், அம்மா.

மருத்துவம், இன்ஜினியரிங் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்ல உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். விருப்பமில்லாத பிள்ளைக்குக் கடன் வாங்கி டாக்டர் சீட்டு வாங்குவதை நான் எதிர்க்கிறேன். கடன் உங்கள் பெயரில், படிப்பு அவள் தலையில். மாமா ஒரு பைசா போடப்போவதில்லை.

அவள் கேட்கும் வேலை என்ன தெரியுமா? பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு வீராங்கனையிடமும் காலையில் கேட்பார்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினாய், எங்கே வலி, மாதவிடாய் எந்த நாளில் இருக்கிறது? பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவே சின்ன ஜி.பி.எஸ் கருவி உள்ள பனியனை மாட்டிவிடுவார்கள். ஒரு ஆட்டத்தில் ஒருத்தி சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறாள். அதில் எவ்வளவு முழுவேகம், எத்தனை முறை சட்டென்று நின்று திரும்பினாள் என்பதெல்லாம் அன்று மாலையே எண்ணாக வந்துவிடும். இந்த வாரச் சுமை கூடிவிட்டது, நாளைக்கு இவளுக்குப் பாதிப் பயிற்சி போதும் என்று தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். அவர் முகம் சுளிப்பார். அப்போதும் சொல்ல வேண்டும்.

இந்த எண்களிலும் ஒரு சிக்கல். ஆண்கள் ஆட்டத்தில் மணிக்கு சுமார் 25 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் முழுவேகம் என்று கணக்கு. அதே கோட்டைப் பெண்களுக்கும் போட்டால், உயிரைக் கொடுத்து ஓடியவளும் சும்மா ஓடியதாகத்தான் தாளில் தெரியும். 2019 பெண்கள் உலகக் கோப்பை அலசலில் 23 என்று வைத்தார்கள்.

முழங்கால் கதை இன்னும் மோசம். முழங்கால் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஏ.சி.எல் என்கிற லிகமென்ட் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்கு அதிகம். இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் பெண்கள் அணியில் 2022-23 பருவத்தில் மட்டும் நான்கு பேருக்குக் கிழிந்தது. அவர்களில் பெத் மீட், லியா வில்லியம்சன், விவியான் மீடெமா மூவரும் 2023 உலகக் கோப்பையை வீட்டிலிருந்துதான் பார்த்தார்கள். இத்தனைக்கும் தடுப்பு வேலை ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. ஃபிஃபா 11+ என்று 20 நிமிட வார்ம்-அப் இருக்கிறது: ஓட்டம், சமநிலை, குதித்து முழங்கால் உள்ளே சாயாமல் இறங்குவது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்தபோது கடுமையான காயங்கள் பாதிக்கு நெருக்கமாகக் குறைந்தன. அதை ஒவ்வொரு பயிற்சியிலும் சலிப்பில்லாமல் செய்யவைக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இந்த வேலை.

2014 முதல் 2020 வரை வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டு அறிவியல் ஆய்வுகளை எண்ணிப் பார்த்தார்கள். பெண்களை மட்டும் வைத்துச் செய்தவை 6 சதவீதம்! மாதவிடாய் நாளைப் பொறுத்து எல்லோருக்கும் ஒரே பயிற்சி அட்டவணை போடும் அளவுக்கு இன்னும் ஆதாரம் கிடையாது. ஆளுக்கு ஆள் கேட்டு, எழுதி, பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

உங்கள் மகள் அன்று பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாளே, நினைவிருக்கிறதா? பள்ளி அணியில் 14 பேர். யார் எந்த நாளில் களைத்தார்கள், யாருக்கு எந்தக் காலில் பிடிப்பு என்று எட்டு மாதமாக எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. நீங்கள் அதை மூடி வைத்துவிட்டு மதிப்பெண் பட்டியலை என் பக்கம் தள்ளினீர்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், இந்த வேலையில் இடங்கள் குறைவு. பெரும்பாலும் ஒரு பருவத்துக்குத்தான் ஒப்பந்தம். சனி ஞாயிறு வீட்டில் இருக்க மாட்டாள். சிறிய கிளப்புகளில் சம்பளமும் சொற்பம்.

அதனால்தான் செலவில் கறாராக இருக்கச் சொல்கிறேன். உடற்பயிற்சி அறிவியல் இளங்கலையில் சேருங்கள், ஆனால் உடலியங்கியல், உயிர் இயந்திரவியல் (உடல் அசையும் விதத்தைப் பற்றிய படிப்பு), புள்ளியியல் மூன்றும் பாடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளியியல் இல்லாத கல்லூரி வேண்டவே வேண்டாம். களத்தில் எத்தனை மணி நேரம் பயிற்சி, யாருடைய மேற்பார்வையில் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டம் முடித்ததும் வலிமை, உடற்தகுதிப் பயிற்சியாளர்களுக்கான சி.எஸ்.சி.எஸ் மாதிரியான தகுதித் தேர்வு எழுதலாம். வெளிநாட்டு முதுகலை இப்போது பேச்சிலேயே வேண்டாம். இரண்டு வருடம் ஏதாவது ஒரு அணியில் வேலை பார்த்துவிட்டு, அவளே கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி வாருங்கள். நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். மாமா வர வேண்டாம்.